பட்டியலில் ஒரு வரி

லினக்ஸ் கணினியை ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டு எப்படி வேலை செய்யத் தொடங்குகிறது என்று கேட்டால், கணினி படித்தவர்களே கூட "அது தானா வந்துடும்" என்றுதான் சொல்வார்கள். தவறான பதில் இல்லை. கார்டைச் செருகுகிறோம், கணினியை இயக்குகிறோம், கொஞ்ச நேரத்தில் இணையம் வந்துவிடுகிறது. நடுவில் நம்மிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

என் கேள்வி அந்தத் 'தானா' என்ற சொல்லைப் பற்றியது. நம்மைச் சுற்றித் தானாக நடக்கிற காரியங்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகின்றன. அவை எப்படி நடக்கின்றன என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய கடமை நமக்கு உண்டா? தெரியாமலே பயன்படுத்துவது சோம்பலா, அல்லது நியாயமான உரிமையா? மின்சாரத்தையோ வங்கியையோ வைத்து இதைப் பேசலாம்தான். ஆனால் பெரிய விஷயங்களில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு கட்சி இருக்கும். சில நூறு ரூபாய் நெட்வொர்க் கார்டு விஷயத்தில் யாருக்கும் கட்சி கிடையாது. அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாணவர்களுக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் நிகழ்வுகளுக்கு நான் போவதுண்டு. அங்கே வருகிற புகார்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "அண்ணா, நெட் வரல." தானாக வரவேண்டியது வராமல் போகும்போதுதான் 'தானாக' என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் தானாக வராத காலத்தைப் பார்த்துவிடலாம்.

கணினியின் மையத்தில் இருக்கும் கெர்னல் என்ற நிரலுக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கார்டுகளோடும் பேசத் தெரியாது. ஒவ்வொரு வகைக் கார்டோடும் பேசத் தெரிந்த ஒரு சிறிய நிரல் தனியாக இருக்கும். அதுதான் டிரைவர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் மாட்யூல்களாக, அதாவது தேவைப்படும்போது கெர்னலுக்குள் ஏற்றிக்கொள்ளும் துண்டுகளாக, வட்டில் கிடக்கும். எந்தக் கணினிக்கு எந்தத் துண்டை ஏற்றுவது என்பதுதான் பிரச்சினை.

1990களின் முற்பகுதியில் பரவலாக இருந்தவை ஐஎஸ்ஏ வகைக் கார்டுகள். என்இ 2000 என்ற கார்டும் அதைப் பார்த்துச் செய்யப்பட்ட எண்ணற்ற நகல்களும் அந்தக் காலத்தில் பிரபலம். அந்தக் கார்டுகளுக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. கார்டு எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கூட நாம்தான் சொல்ல வேண்டும். கெர்னலே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் அதிலும் ஆபத்து இருந்தது. யார் இருக்கிறார்கள் என்று தெரியாத கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தவறான கதவைத் தட்டினால், அங்கே இருக்கும் வேறு ஏதோ ஒரு சாதனம் குழம்பிப்போய் மொத்தக் கணினியும் உறைந்துவிடலாம். அதனால் என்இ 2000 டிரைவரை மாட்யூலாக ஏற்றும்போது முகவரியைக் கையால் கொடுக்கச் சொன்னார்கள். டெபியனில் எட்சி அடைவுக்குள் மாட்யூல்ஸ் என்று ஒரு கோப்பு. கணினி தொடங்கும்போது ஏற்ற வேண்டிய டிரைவர்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக அதில் எழுதிவைக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் கார்டைக் கழற்றி, சிப்பின் முதுகில் பொறித்திருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்க வேண்டும்.

1992இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ இதை மாற்றியது. பிசிஐ கார்டு ஒவ்வொன்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு எண், சாதனத்துக்கு ஒரு எண். இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட எண் 8086. அது அவர்களுடைய புகழ்பெற்ற பிராசஸரின் பெயர். ரியல்டெக் நிறுவனத்தின் எண் 10இசி. நம்மூர்க் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் இருந்த மலிவான ரியல்டெக் கார்டின் சாதன எண் 8139. இப்போது தட்டிப் பார்க்கத் தேவையில்லை. கேட்டால் போதும், சொல்லிவிடும்.

இன்று கணினி தொடங்கும்போது நடப்பது இதுதான். கெர்னல் பிசிஐ பாதையில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் எண்களையும் வாசிக்கிறது. அவற்றைக் கோத்து ஒரு நீண்ட அடையாளச் சரமாக மாற்றி, "இப்படி ஒருத்தர் வந்திருக்கிறார்" என்று அறிவிக்கிறது. யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, மாட்யூல்ஸ் டாட் ஏலியஸ் என்ற பட்டியலில் அந்த அடையாளத்தைத் தேட ஏற்பாடு செய்கிறது. பட்டியலில் நேர் எதிரே எந்த டிரைவரின் பெயர் இருக்கிறதோ அது ஏற்றப்படுகிறது. டிரைவர் உள்ளே வந்ததும் கார்டை ஒருமுறை சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறது அல்லது மறுக்கிறது. யூடெவ் 2003இல் வந்தது. அந்த வருட டிசம்பரில் கெர்னலின் 2.6 பதிப்பு வெளியானது. அதற்குப் பிறகு கோப்பில் கையால் பெயர் எழுதும் வேலை மெல்ல மெல்ல மறைந்துபோனது.

ஆக, 'தானாக' என்பதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பட்டியல். பல்லாயிரம் வரிகள் கொண்ட, சலிப்பூட்டுகிற ஒரு பட்டியல்.

*

அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்பதில்தான் இந்தக் கேள்வியின் முதல் பாதி இருக்கிறது.

1990களில் லினக்ஸின் ஈதர்நெட் டிரைவர்களில் பெரும்பகுதியை எழுதியவர் டொனால்ட் பெக்கர். நாசாவின் கொடார்ட் மையத்தில் இருந்தவர். 1994இல் தாமஸ் ஸ்டெர்லிங்குடன் சேர்ந்து சாதாரணக் கணினிகளை வலைப்பின்னலால் கோத்து பியோவுல்ஃப் என்ற கூட்டுக்கணினியைக் கட்டினார். விலையுயர்ந்த சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் பெட்டிகள். அதற்குக் கடையில் கிடைக்கும் நெட்வொர்க் கார்டுகள் எல்லாம் லினக்ஸில் வேலை செய்தாக வேண்டும். அவருடைய தேவைக்கு எழுதியது உலகத்துக்கே பயன்பட்டது. 8139 கார்டுக்கு அவர் எழுதிய டிரைவரை அடிப்படையாக வைத்து ஜெஃப் கார்ஸிக் 8139டூ என்ற டிரைவரை உருவாக்கினார். அந்த மூல நிரலின் தலைப்பகுதியில், திருத்தம் அனுப்பியவர்கள், சோதித்துச் சொன்னவர்கள் என்று பலருடைய பெயர்கள் இருக்கின்றன.

அதற்குக் கீழே அந்த டிரைவர் அடையாளம் காணும் கார்டுகளின் அட்டவணை. ரியல்டெக் மட்டும் இல்லை. அதே சிப்பை வாங்கித் தங்கள் பெயரில் விற்ற வேறு நிறுவனங்களின் எண்களும் வரிசையாக வருகின்றன. அட்டவணையின் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. சில கோளாறான கார்டுகள் தங்கள் நிறுவன எண்ணைத் தப்பாகச் சொல்கின்றன, வெறும் 1 என்பது போல. அவற்றின் மற்ற எண்கள் சரியாக இருக்கின்றன. அதனால் நிறுவனம் யார் என்று பார்க்காமல் மற்ற எண்களை மட்டும் ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வரிகள் அங்கே இருக்கின்றன. மேலே ஒரு சிறு குறிப்பும் உண்டு. யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எங்கோ ஒருவர் அப்படி ஒரு மட்டமான கார்டை வாங்கியிருக்கிறார். வேலை செய்யவில்லை. தூக்கிப் போடாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். காரணத்தைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பியிருக்கிறார். பட்டியலில் ஒவ்வொரு விதிவிலக்கு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய கெட்டுப்போன சாயங்காலம் ஒன்று இருக்கிறது. அடுத்து அதே கார்டை வாங்கியவருக்கு அந்தச் சாயங்காலம் மிச்சம். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

இன்னொரு சின்ன விஷயம். 10இசி, 8139 என்ற எண்களுக்குப் பட்டியலில் இரண்டு டிரைவர்கள் உரிமை கோருகின்றன. ஒன்று 8139டூ, மற்றொன்று 8139சிபி. பிந்தையது அதே எண்ணோடு பின்னால் வந்த மேம்பட்ட சிப்புக்கானது. எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாததால் இரண்டும் ஏற்றப்படும். 8139சிபி கார்டின் திருத்த எண்ணைப் பார்த்துவிட்டு, இது தன்னுடையது இல்லை என்றால், கெர்னல் பதிவில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு விலகும்: இந்தச் சிப் எனக்கானது இல்லை, 8139டூவைப் பயன்படுத்துங்கள். அலுவலகங்களில் "இங்க இல்லங்க" என்று மட்டும் கேட்டுப் பழகிய நமக்கு, எங்கே போகவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிற இந்த வரி கொஞ்சம் ஆச்சரியம்தான். யாரும் படிக்காமல் போகக்கூடிய ஒரு இடத்தில் ஒருவர் அந்த மரியாதையைச் செய்திருக்கிறார்.

*

இப்போது எதிர்த்தரப்பு. எனக்கு மூத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். கையால் கோப்பில் எழுதி லினக்ஸ் கற்ற தலைமுறை. அவருடைய வாதம் இது: "கஷ்டப்பட்டு ஏத்துனோம் தம்பி. அதனாலதான் கெர்னல்னா என்ன, மாட்யூல்னா என்னன்னு தெரிஞ்சுது. இப்ப எல்லாம் தானா வருது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல." தானியங்கி வசதி பயனர்களைத்தான் உருவாக்கும், பொறியாளர்களை உருவாக்காது என்பது அவர் கட்சி.

இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. அவர் கற்றது உண்மையான கல்வி. தடை இருந்ததால்தான் உள்ளே போய்ப் பார்த்தார். ஆனால் அந்தத் தடையைத் தாண்டியவர்களை வைத்தே நாம் தடையை மதிப்பிடுகிறோம். தாண்ட முடியாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

தாண்டுவதற்கு என்ன வேண்டியிருந்தது என்றும் பார்க்க வேண்டும். நெட்வொர்க் கார்டு பிரச்சினையில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. அதைச் சரிசெய்யத் தேவையான தகவலும் டிரைவரும் இணையத்தில் இருக்கும், இணையத்துக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கும். அதனால் இரண்டாவதாக ஒரு கணினி வேண்டும். சென்னையில் இருந்தால் பக்கத்து அறை நண்பனிடம் கேட்கலாம், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வேறு கார்டு வாங்கலாம். மயிலத்துக்கோ விக்கிரவாண்டிக்கோ பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தால் பஸ் ஏறி பிரௌசிங் சென்டருக்குப் போகவேண்டும். சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, முயற்சி செய்து, பலிக்காமல், மறுநாள் மீண்டும் பஸ். அதற்கு நேரம் வேண்டும், காசு வேண்டும். வெளியே தனியாகப் போய்வரும் அனுமதி வேண்டும், அது எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. போதாததற்கு ஆங்கிலம். நண்பர் 'கஷ்டம்' என்று ஒரே சொல்லில் சொல்வது ஆளுக்கு ஆள் வேறு வேறு விலை.

இந்த மாவட்டத்தில் லினக்ஸ் பலருடைய கைக்கு வந்தது அரசு வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து நிறுவிக் கொடுத்தார்கள். பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது. வீட்டில் முதல் கணினி, பரம்பரையில் முதல் கணினி என்று அதை வாங்கியவர்கள் ஏராளம். அந்தக் கணினியில் ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால், அது தன்னுடைய தவறு என்றுதான் அவர்கள் முதலில் நினைத்தார்கள். "நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன்போல." இதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. வசதியோடு வளர்ந்தவனுக்குத் தடை ஒரு சவால். முதல் தலைமுறைக்கு அதே தடை 'இது உனக்கானது இல்லை' என்று சொல்லும் பலகை. அதை எடுத்துப் போடுவதைச் சோம்பலுக்குத் துணைபோவது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திண்டிவனத்தில் ஒரு மாணவி. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டிருந்தார். வைஃபை வரவில்லை. மறுநாள் தம்பிக்குப் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்யவேண்டும். 2018இலிருந்து அது இணையவழிதானே. நான் வைஃபை ஏன் வரவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே கேட்டார்: "அண்ணா, எனக்கு இப்ப இது தெரியணுமா?"

நேர்மையான கேள்வி. தெரியவேண்டியதில்லைதான். அவருடைய செல்போனை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியில் செருகி, இணையப் பகிர்வை ஆன் செய்யச் சொன்னேன். போன் தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாக அறிமுகப்படுத்திக்கொண்டது, லினக்ஸ் பட்டியலைப் பார்த்தது, டிரைவர் ஏறியது, இணையம் வந்துவிட்டது. யாரும் எதையும் தட்டச்சு செய்யவில்லை. வேலை முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து செய்தி. "அண்ணா, போன் எப்படி நெட்வொர்க் கார்டு ஆச்சு?" கெர்னல் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆர்என்டிஐஎஸ் என்று ஒரு பெயர் அதில் இருந்திருக்கிறது, அது என்ன என்று கேட்டிருந்தார். நண்பரின் வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆர்வம் தடையிலிருந்துதான் பிறக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அவசரம் தீர்ந்து, அவமானம் இல்லாமல், கையில் ஓய்வு இருக்கும்போதும் பிறக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர் எட்டிப் பார்த்தபோது பார்ப்பதற்கு அங்கே ஏதோ இருந்தது.

*

அந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதை 2014இல் நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. இது நெட்வொர்க் கார்டு இல்லை, யுஎஸ்பி சீரியல் சிப். ஆனால் அடையாளம், பட்டியல், டிரைவர் என்ற ஏற்பாடு அதேதான்.

எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் சிப்புகள் மின்னணு விளையாட்டுப் பலகைகளிலிருந்து ஆய்வகக் கருவிகள் வரை எங்கும் இருப்பவை. அவற்றுக்குப் போலிகளும் நிறைய. போலி சிப் அசலின் அடையாள எண்ணையே சொல்லிக்கொண்டு அசலின் டிரைவரைப் பயன்படுத்திக்கொள்ளும். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு புதிய எஃப்டிடிஐ டிரைவர் வந்தது. அது போலி சிப்பைக் கண்டுபிடித்தால் அந்தச் சிப்புக்குள் இருக்கும் சாதன எண்ணைப் பூஜ்யம் என்று மாற்றி எழுதிவிட்டது. அதன் பிறகு அந்தச் சிப் எந்தக் கணினியில் செருகினாலும் தன் எண் பூஜ்யம் என்றே சொல்லும். எந்தப் பட்டியலிலும் பூஜ்யத்துக்கு எதிரே பெயர் கிடையாது. ஆக, சாதனம் செத்த மாதிரிதான்.

போலி செய்வது திருட்டு. நிறுவனத்தின் கோபம் நியாயம். ஆனால் தண்டனை யாருக்குப் போனது? போலி செய்தவன் விற்றுவிட்டுப் போய்விட்டான். தன் கையில் இருப்பது போலி என்றே அறியாத ஒரு மாணவனின் பலகையும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் கருவியும்தான் இரவோடு இரவாக நின்றுபோயின. டிரைவர் எப்படித் தானாக வந்ததோ அதே வழியில் தண்டனையும் தானாக வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

லினக்ஸில் என்ன செய்தார்கள்? எஃப்டிடிஐ டிரைவரின் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தார்கள். எஃப்டிடிஐயின் நிறுவன எண்ணோடு சாதன எண் பூஜ்யம் என்று வந்தால் அதையும் ஏற்றுக்கொள். அவ்வளவுதான். அடையாளம் அழிக்கப்பட்ட சிப்புகள் லினக்ஸில் மீண்டும் பேச ஆரம்பித்தன.

இரண்டுமே தானியங்கி ஏற்பாடுகள். இரண்டிலும் பயனருக்கு உள்ளே நடப்பது தெரியாது. அன்றைக்கு ஒரு சாதாரணப் பயனரின் அறியாமையை அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் இருந்திருக்கும். வித்தியாசம் வேறு இடத்தில். ஒன்றில் பட்டியல் ஒருவருடைய கையில் மட்டும் இருந்தது. மற்றதில் பட்டியலை யாரும் படிக்கலாம், படித்தவர் ஒரு வரி எழுதி அனுப்பலாம்.

லினக்ஸில் இந்தத் திறப்பு பல அளவுகளில் இருக்கிறது. தானாக ஏறுகிற டிரைவர் வேண்டாம் என்றால் தடைப்பட்டியலில் அதன் பெயரை எழுதிவைக்கலாம். ஒரு கார்டு பட்டியலில் இல்லை, ஆனால் இந்த டிரைவருக்குப் பொருந்தும் என்று உங்களுக்குத் தெரிந்தால், ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரிடமே அந்த எண்களைக் கொடுத்து "இதுவும் உன்னுடையதுதான்" என்று சொல்ல ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பழைய மாட்யூல்ஸ் கோப்பையும் தூக்கிப் போடவில்லை. தானாக நடப்பதற்கு நடுவே நாம் கைவைக்க இடம் விட்டிருக்கிறார்கள்.

எல்லாம் திறந்தேதான் இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இன்றைய வைஃபை கார்டுகள் பலவற்றில் டிரைவர் திறந்த நிரலாக இருந்தாலும், கார்டுக்குள்ளே ஓடும் ஃபர்ம்வேர் மூடியதாகவே இருக்கிறது. அது இல்லாமல் டிரைவர் ஏறியும் பயனில்லை. திண்டிவனத்து மாணவியின் வைஃபை வராததற்குக் காரணமும் அதுதான். டெபியன் திட்டம் பல வருடங்கள் கொள்கைப்படி அந்த ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்துச் சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. எந்த ஃபர்ம்வேர் சேர்க்கப்பட்டது என்று பயனருக்குத் தெரிவிக்கவேண்டும், வேண்டாம் என்பவர்கள் நிறுத்திவைக்க வழி இருக்கவேண்டும் என்பதும் அந்த முடிவின் பகுதி. சிலருக்கு இது கொள்கையை விட்டுக்கொடுத்தது. எனக்கு இது கொள்கையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கடைசியில் கேட்டுப் பார்த்தது. அதுவரை அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது கையில் வேறு கணினி இல்லாதவர்கள்.

*

ஆக, தெரிந்துகொள்ளும் கடமை எல்லோருக்கும் இல்லை என்பது என் முடிவு. ஆனால் இங்கேயே நிறுத்தினால் ஒரு ஓட்டை இருக்கிறது. "யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஒருவருமே திறந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும்? யாரும் படிக்காத திறந்த நிரலுக்கும் மூடிய நிரலுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே கடமை எங்கோ இருக்கத்தான் செய்கிறது. தனி மனிதரிடம் இல்லாவிட்டால் ஊரிடம்.

விழுப்புரம் பக்கம் ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஏரித் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் எப்படி வருகிறது என்று வயல்காரர் எல்லோருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்ட ஒருவருக்குத் தெரியும். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலில் எத்தனை நேரம் விடுவது என்ற கணக்கு அவரிடம் இருக்கும். அவர் யார் என்று ஊருக்குத் தெரியும். தண்ணீர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பது தெரிந்திருந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக ஆக்கவும் கூடாது. பல ஊர்களில் நீர்க்கட்டி வேலை தலித் குடும்பங்களின் பரம்பரை வேலையாகத்தான் இருந்தது. ஊருக்கே தண்ணீர் பங்கிட்டவருக்குக் கூலியாக அறுவடையில் கொஞ்சம் நெல். வயல் அவருடையதாக இருக்காது. தானாக வந்த தண்ணீருக்குப் பின்னால் இருந்த அறிவை ஊர் பயன்படுத்திக்கொண்டது, அந்த அறிவுக்கு உரியவரை மதிக்கவில்லை. பிறப்பால் ஒருவர்மேல் சுமத்தப்பட்ட வேலை அது. மற்றவர்கள் அதைக் கற்றுக்கொள்ளவும் வரவில்லை. பல இடங்களில் அந்த ஆள் போனதும் அந்தக் கணக்கும் போய்விட்டது.

இங்கேதான் திறந்த பட்டியலின் அருமை எனக்குப் புரிகிறது. அதற்கு யார் வேண்டுமானாலும் நீர்க்கட்டி ஆகலாம். பிறப்பு, கல்லூரியின் பெயர், ஊரின் பெயர் எதுவும் அதில் கேட்கப்படுவதில்லை. கார்டு கையில் இருக்கிறதா, எண்ணைச் சரியாகப் படித்தாயா, சோதித்தாயா என்பவை மட்டுமே கேள்விகள். வேலை செய்தவரின் பெயரும் அந்த வரியோடு சேர்ந்து பதிவாகிவிடுகிறது. சம்பளம் கிடைக்காமல் போகலாம், அது தனியாகப் பேசவேண்டிய அநியாயம். ஆனால் பெயராவது அழிவதில்லை.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்களை இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் கணியம் போன்ற இதழ்கள் 2012இலிருந்து இதையெல்லாம் நம் மொழியில் எழுதிவருகின்றன. விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கிற எல்லோரும் கெர்னல் படிக்கத் தேவையில்லை. என் நண்பர் ஆசைப்படுவது போல எல்லோரையும் கஷ்டப்படுத்திக் கற்கவைக்கவும் தேவையில்லை. ஒரு ஊருக்கு நாலைந்து பேர் போதும். "நெட் வரல" என்று ஒருவர் வந்து நின்றால் முதலில் நெட் வரவைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு கேட்டால் விளக்கிச் சொல்லும் நாலைந்து பேர். கேட்காவிட்டால் விட்டுவிடும் நாலைந்து பேர் என்றும் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் ஒரு பண்புதான்.

அந்த நாலைந்து பேருக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. ஒரு கார்டு பட்டியலில் இல்லை என்று கண்டுபிடித்தால், அந்த ஒரு கணினியை மட்டும் சரிசெய்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. கார்டின் எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதவேண்டும், முடிந்தால் அந்த வரியைத் தாங்களே எழுதி அனுப்பவேண்டும். ஒரு கணினியைச் சரிசெய்வது உதவி. பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது, அதே மலிவான கார்டை நாளைக்கு வாங்கப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்வது. அவர் செஞ்சியிலும் இருக்கலாம், கம்பாலாவிலும் இருக்கலாம். அவர் கணினியை ஆன் செய்வார், கொஞ்ச நேரத்தில் இணையம் வரும். யாராவது கேட்டால் "அது தானா வந்துடும்" என்று சொல்லுவார்.

சொல்லிவிட்டுப் போகட்டும்.